பத்தரை மாற்றும் எவர்சில்வரும்

ஒருவரை மனமாரப் புகழ வேண்டுமென்றால் ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்கிறோம். மாற்று என்பது உரைகல்லில் இழைத்துப் பார்த்துத் தங்கத்தின் தரத்தைச் சொல்லும் பழைய அளவு; பத்தரை அதன் உச்சம். சொக்கத் தங்கம், புடம் போட்ட பொன் என்று நல்லதற்கெல்லாம் கலப்பில்லாத உலோகத்தையே உவமை சொல்லிப் பழகியவர்கள் நாம். கலப்படம் என்ற சொல்லோ காதில் விழுந்தவுடன் முகம் சுளிக்க வைக்கிறது. பாலிலும் மிளகாய்ப் பொடியிலும் அந்தச் சுளிப்பு நியாயமானது. உலோகத்தில் அது நம்மைத் தவறான பக்கம் கொண்டுபோய் விடுகிறது. விடிந்ததிலிருந்து கையில் படும் உலோகங்களை எண்ணிப் பாருங்கள். காபி குடிக்கும் எவர்சில்வர் டம்ளர், சோறு வேகும் குக்கர், பித்தளைக் குத்துவிளக்கு, வீட்டுச் சாவி, கழுத்துச் சங்கிலி, சட்டைப்பையில் கிடக்கும் சில்லறை, பைக்கின் எஞ்சின், தலைக்கு மேல் கூரையைத் தாங்கும் கம்பி ஆகிய எதுவுமே தனி உலோகம் இல்லை, எல்லாம் கலவை. சுவருக்குள் ஓடும் செம்பு ஒயர் போன்ற ஒன்றிரண்டுதான் விதிவிலக்கு. நாம் நம்பி வாழும் உலோகங்களின் பலமும் பளபளப்பும் ஆயுளும் அளவறிந்து செய்த கலப்பிலிருந்தே வருகின்றன. ஆகவே கடையில் ‘இது சுத்தமானதா?’ என்று கேட்பதைவிட, ‘இதில் என்ன, எவ்வளவு, எதற்காகச் சேர்ந்திருக்கிறது?’ என்று கேட்பதே சரியான கேள்வி.

தங்கத்திலிருந்தே தொடங்கலாம், தூய்மைக்கு அடையாளமாக நாம் வைத்திருப்பது அதைத்தானே. 24 காரட் என்பது ஏறக்குறைய முழுத் தங்கம். ஒரு கிராமைத் தட்டித் தட்டி ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு விரித்துவிடலாம் என்னும் அளவுக்கு அது இளகியது. அந்த இளக்கம் தகடு அடிப்பவருக்கு வரம். சங்கிலி செய்பவருக்குத் தொல்லை. கண்ணிகள் நீளும், கல்லைப் பிடித்திருக்கும் கவ்வு தளரும், தினம் உரசும் வளையல் தேய்ந்துகொண்டே போகும். அதனால்தான் 24 பங்கில் 22 பங்கு தங்கமும் மீதி இரண்டு பங்கு செம்பும் வெள்ளியுமாகச் சேர்க்கிறார்கள். இருபத்திரண்டை இருபத்து நான்கால் வகுத்தால் வருவதுதான் நகையில் குத்தியிருக்கும் 916. செம்பு கூடினால் நிறம் சிவக்கும், வெள்ளி கூடினால் வெளிறும். நுணுக்கமாகக் கல் பதிக்கும் வேலைக்கு இன்னும் உறுதி வேண்டும் என்பதால் 18 காரட்டுக்கு, அதாவது முக்கால் பங்கு தங்கத்துக்கு, இறங்குகிறார்கள். நாம் சவரன் என்று சொல்லும் எட்டு கிராம் கணக்கு, ஏறக்குறைய அதே எடையுள்ள பிரிட்டிஷ் தங்க நாணயத்தின் பெயரிலிருந்து வந்தது. பல கைகள் மாறும் நாணயம் தேயக்கூடாது என்பதால் அதுவும் 22 காரட்டில்தான் அடிக்கப்பட்டது. ஹால்மார்க் முத்திரையை நாம் தூய்மைக்கான சான்றாக நினைக்கிறோம். உண்மையில் அது எத்தனை பங்கு தங்கம் என்பதை மறைக்காமல் சொல்லும் அளவுச் சீட்டு.

கலந்தால் ஏன் உறுதி கூடுகிறது? பழக்கடையில் அடுக்கிய ஆரஞ்சுகளைப் போல உலோகத்தின் அணுக்கள் வரிசை வரிசையாக, அடுக்கடுக்காக இருக்கின்றன. ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் மேல் வழுக்கும்போது உலோகம் வளைகிறது. ஆனால் முழு அடுக்கும் ஒரே மூச்சில் வழுக்குவதாக வைத்துக் கணக்குப் போட்டால், உலோகங்கள் நாம் காண்பதைவிடப் பல நூறு மடங்கு உறுதியாக இருக்க வேண்டும். இந்த முரணுக்கு 1934-இல் ஜெஃப்ரி டெய்லர், எகோன் ஒரோவான், மைக்கேல் பொலானி மூவரும் தனித்தனியே ஒரே விடையைத் தந்தார்கள். அடுக்குகளுக்குள் வரிசை பிசகிய கோடுகள் இருக்கின்றன. நகர்வது முழு அடுக்கு அல்ல, அந்தப் பிசகுதான் ஊர்ந்து செல்கிறது. கல்யாண மண்டபத்தில் விரித்த பெரிய ஜமக்காளத்தை ஒரு முனையில் பிடித்து இழுத்தால் அசையாது. ஓரத்தில் ஒரு மடிப்பை எழுப்பி, அதை மறுமுனை வரை தள்ளிக்கொண்டே போனால் ஜமக்காளம் சிரமமில்லாமல் நகர்ந்துவிடும். அதே ஜமக்காளத்தில் அங்கங்கே ஆட்கள் உட்கார்ந்திருந்தால்? மடிப்பு அவர்களிடம் முட்டிக்கொண்டு நின்றுவிடும். வேற்று அணுக்கள் செய்வது இந்த வேலையைத்தான். செம்பின் வரிசைக்குள் அதைவிடப் பருத்த துத்தநாக அணு புகுந்தால் வரிசை கோணுகிறது. இரும்பு அணுக்களின் சந்துகளில் சிறிய கார்பன் அணு செருகிக்கொண்டால் இறுகுகிறது. தூய உலோகத்தில் தடுப்பார் இல்லை, அதனால் அது இளகிக் கொடுக்கிறது.

இரும்பின் கதை முழுவதும் இந்தக் கார்பனின் கதைதான். நூற்றுக்குக் கால் பங்குக்கும் குறைவாக இருந்தால் வளைக்கவும் வெல்டிங் வைக்கவும் வசதியான, கிரில்லுக்கும் ஜன்னலுக்கும் ஏற்ற இரும்பு. முக்கால், ஒரு சதவீதத்தை நெருங்கினால் உளிக்கும் அரத்துக்கும் ஏற்ற எஃகு; பட்டறையில் செக்கச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்ச்சல் கொடுக்கும்போது, கரைந்திருந்த கார்பன் தப்பிக்க நேரமில்லாமல் உள்ளேயே சிக்கி, விளிம்பைக் கடினமாக்குகிறது. மூன்று நான்கு சதவீதம் வந்தால் அது வார்ப்பிரும்பு. தூய இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல் கார்பன் சேர்ந்தால் 1,150 டிகிரிக்கு அருகிலேயே உருகி ஓடுகிறது, அதனால் அச்சில் வார்க்க முடிகிறது. தோசைக்கல் சூட்டைப் பிடித்து வைப்பது அதன் கனத்தால். கீழே போட்டால் உடைவது இந்தக் கார்பனால்.

கலப்பின் மீதான நம் சந்தேகத்துக்கு 19-ஆம் நூற்றாண்டின் ஒரு நிகழ்ச்சியே பதில் சொல்கிறது. 1856-இல் இங்கிலாந்தில் ஹென்றி பெஸ்ஸமர், உருகிய வார்ப்பிரும்பின் ஊடாகக் காற்றை ஊதினால் கார்பனும் மற்ற கசடுகளும் எரிந்துபோகும், நிமிடக் கணக்கில் டன் கணக்காக எஃகு கிடைக்கும் என்று அறிவித்தார். உரிமம் வாங்கியவர்கள் செய்து பார்த்தபோது பலருக்கும் கிடைத்தது அடித்தால் நொறுங்கும் இரும்பு. காற்று ஊதியதில் தேவையான கார்பனும் போய்விட்டது. வேண்டாத ஆக்சிஜன் உள்ளே தங்கிவிட்டது. கந்தகம் போகவே இல்லை. ராபர்ட் முஷெட் கண்ட வழி இன்னும் கடுமையாகச் சுத்தம் செய்வதல்ல. மாங்கனீசும் கார்பனும் கலந்த ஓர் இரும்பை அளந்து சேர்த்தார். மாங்கனீஸ் ஆக்சிஜனையும் கந்தகத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது, இழந்த கார்பனும் திரும்ப வந்தது. அதே சமயம் தாதுவிலிருந்து வந்த பாஸ்பரஸ் எஃகை முறிய வைத்தது. அதைக் கழிக்கச் சுண்ணாம்புச் சத்துள்ள உலை வரும் வரை, 1870-களின் இறுதி வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. கழிக்க வேண்டியதைக் கழித்துச் சேர்க்க வேண்டியதைச் சேர்ப்பது என்று இரண்டு கையாலும் செய்யும் வேலை இது. அந்தப் பாஸ்பரசுக்கும் ஒரு நல்ல முகம் உண்டு. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக டெல்லியில் நிற்கும் இரும்புத் தூண் பெரிதாகத் துருப்பிடிக்காததற்கு, இன்றைய எஃகில் அனுமதிப்பதைவிடப் பல மடங்கு பாஸ்பரஸ் அதில் இருப்பதே முக்கியக் காரணம் என்று கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்பிரமணியம் ஆய்ந்து எழுதியிருக்கிறார். பாலத்தின் எஃகில் குற்றமானது தூணின் இரும்பில் கவசமாகிறது.

சிறு அளவு எவ்வளவு பெரிய மாற்றம் செய்யும் என்பதற்கு வார்ப்பிரும்பைவிட நல்ல சான்று இல்லை. சாதாரண வார்ப்பிரும்பில் கூடுதலான கார்பன், பென்சிலின் கரியாகிய கிராஃபைட்டாக, மெல்லிய செதில்களாகப் பிரிந்து நிற்கிறது. ஒவ்வொரு செதிலின் முனையும் உள்ளுக்குள் ஒரு விரிசல் மாதிரிதான். அங்கிருந்து உடைவு தொடங்குகிறது. உருகிய இரும்பில் நூற்றில் 0.05 பங்குகூட மிஞ்சாத அளவு மெக்னீசியம் சேர்த்தால், செதில்கள் உருண்டை மணிகளாகிவிடுகின்றன. இரும்பு அதே, கார்பன் அதே. ஆனால் முன்பு நொறுங்கியது இப்போது வளைந்து தாங்குகிறது. 1940-களில் கண்டறியப்பட்ட இந்த இரும்புதான் இன்று குடிநீர்க் குழாய்களிலும் வண்டிகளின் கிராங்க் ஷாஃப்டிலும் இருக்கிறது. அதற்காகப் பழைய செதில் வார்ப்பிரும்பு தாழ்ந்துவிடவில்லை. செதில்கள் அதிர்வை விழுங்கிக்கொள்ளும் என்பதால் லேத் மெஷினின் படுக்கைக்கு இன்றும் அதையே வார்க்கிறார்கள். கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் வார்ப்புக்கு முன் உருகிய இரும்பில் மாதிரி எடுத்துக் கலவையைச் சோதிப்பது இந்தப் பின்னத்துக்காகத்தான்.

இந்தக் கணக்கு எழுதப்படாத காலத்திலேயே கைகளுக்குத் தெரிந்திருந்தது. தமிழின் உருக்கு, கன்னடத்தின் உக்கு என்ற சொற்களின் சாயலில் ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்று அழைத்த தென்னிந்திய எஃகில் ஒன்றரை சதவீதத்தை ஒட்டிய கார்பன் இருந்தது. மண் மூசையில் இரும்பையும் மரப்பொருளையும் அடைத்து மூடி உருக்கினார்கள். வட தமிழகத்தின் மேல்சிறுவலூரில் அத்தகைய மூசைகளின் சிதைவுகள் கிடைத்திருக்கின்றன. மைக்கேல் ஃபாரடே 1819-ஐ ஒட்டி இந்த எஃகைச் சோதித்தார். அதன் சிறப்புக்கு வேறு ஏதோ பொருள் கலந்திருப்பதே காரணம் என்று நினைத்து, ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து எஃகில் வெள்ளி, பிளாட்டினம் என்றெல்லாம் கலந்து பார்த்தார். வூட்ஸின் சிறப்பு முதன்மையாகக் கார்பனின் அளவிலும் மெல்ல ஆறவிட்ட பக்குவத்திலும் இருந்தது என்பது பின்னால்தான் தெளிந்தது. என்றாலும் எஃகில் பிற உலோகங்களைத் திட்டமிட்டுக் கலந்து பார்க்கும் ஆய்வுக்கு அந்தச் சோதனைகள் முன்னோடிகளாயின. தென்னிந்திய உலைக்களத்தின் ஒரு கட்டி இரும்பு லண்டன் ஆய்வகத்தில் எழுப்பிய கேள்வி, சரியான விடைக்கு முன்பே ஒரு புதிய துறைக்கு வழி திறந்தது.

வெண்கலத்தில் இந்த நுட்பம் இன்னும் வியப்பூட்டும். செம்பில் பத்து சதவீதத்துக்குள் வெள்ளீயம் சேர்த்தால் உறுதியான, வார்க்க இசைவான உலோகம். இருபதைத் தாண்டினால் மணியின் உலோகம். வெண்கலக் குரல் என்றும், வெண்கலக் கடையில் யானை புகுந்தாற்போல என்றும் நாம் சொல்வதெல்லாம் அந்தக் கணீர் ஒலியை வைத்துத்தான். இந்த அளவில் அது தட்டினால் உடையும். ஆனால் சிவக்கக் காய்ச்சிய நிலையில் தட்டி, சட்டென நீரில் முக்கினால் உடையும் தன்மை குறைகிறது. எஃகை நீரில் முக்கினால் கடினமாகி முறியும். வெண்கலத்தை முக்கினால் இசைந்து கொடுக்கும். ஒன்றுக்கொன்று நேரெதிரான இந்த இரண்டு குணங்களையும் நம் கொல்லர்கள் அறிந்திருந்தார்கள் என்பதற்கு நீலகிரிப் புதைகுழிகளிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த, தாளைப் போல மெலிந்த வெண்கலக் கிண்ணங்கள் சாட்சி. மூன்றில் ஒரு பங்கு வரை வெள்ளீயம் போனால் கண்ணாடியைப் போல நொறுங்கும், கண்ணாடியைப் போலவே முகமும் காட்டும்: கேரளத்து ஆரன்முளைக் கண்ணாடி அப்படிப் பிறந்தது. சோழர் காலத் திருமேனிகளைப் பஞ்சலோகம் என்று சொல்வது மரபு. ஆய்வகத்தில் பார்த்தால் பெரும்பகுதி செம்பும், அடுத்து வெள்ளீயமும் காரீயமும்தான். பொன்னும் வெள்ளியும் இருந்தாலும் துளியளவே. அதைக் குறையாகச் சொல்லத் தேவையில்லை. காரீயம் உருகிய உலோகத்தை நீராக ஓட வைக்கிறது. மெழுகில் செதுக்கிய விரலும் நகமும் சடைமுடியும் அப்படியே உலோகத்தில் இறங்குவதற்கு அது துணை செய்தது. நடராசரின் விரல்களில் இருக்கும் அழகில் கலப்புக்கும் பங்கு உண்டு.

அலுமினியத்தின் கதை சுருக்கமானது. இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடைதான், ஆனால் தனியாக இருந்தால் மென்மை. ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் 1906-இல் நான்கு சதவீதத்தை ஒட்டிச் செம்பும் சிறிது மெக்னீசியமும் சேர்த்து, காய்ச்சி நீரில் குளிர்வித்தார். சில நாள் கழித்துச் சோதித்தபோது, யாரும் தொடாமலே அது கூடுதல் கடினமாகியிருந்தது. உள்ளே கரைந்திருந்த செம்பு அணுக்கள் மெல்ல ஒன்றுகூடி நுண்ணிய திட்டுகளாகி, ஜமக்காளத்து மடிப்பைத் தடுக்கும் ஆட்களாக உட்கார்ந்துவிட்டன. ட்யூராலுமின் என்று பெயர் பெற்ற அந்த வகைக் கலவைகள் தூய அலுமினியத்தைவிட நான்கைந்து மடங்கு இழுவிசையைத் தாங்கும். உலோக உடல் கொண்ட விமானங்கள் அந்த வழியில் வந்தவையே.

இனி நம் சமையலறைக்கு வருவோம், வாங்குபவர் அதிகம் குழம்பும் இடம் அதுதான். எவர்சில்வர் என்ற பெயர் அழகானது. அதில் வெள்ளி துளியும் இல்லை. இரும்போடு குறைந்தது பத்தரை சதவீதம் குரோமியம் சேர்ந்த எஃகு அது. (பத்தரை மாற்று தங்கத்துக்கு உச்சம், பத்தரை சதவீதம் எவர்சில்வருக்குத் தொடக்கம்.) ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழல் அரிக்காமலிருக்க வழி தேடியபோது, 1913-இல் 12.8 சதவீதம் குரோமியம் கொண்ட எஃகு அமிலத்துக்கும் மசியாததைக் கவனித்தார். அதே காலத்தில் ஜெர்மனியின் க்ருப் ஆலையில் நிக்கலும் சேர்ந்த வகை உருவானது. இரும்பின் துரு பொருக்காக உதிர்ந்து உள்ளே வழி விடுகிறது. குரோமியமோ காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் அதில் சில பங்கே தடிப்புள்ள ஒரு படலமாகப் படிகிறது. கீறினாலும் காற்றுப் பட்டவுடன் அது தானே மூடிக்கொள்கிறது. படலத்தை நிலைகுலைய வைப்பது உப்பு. ஊறுகாயைப் பீங்கான் ஜாடியில் வைக்கும் வழக்கத்துக்கு நல்ல வேதியியல் காரணம் இருக்கிறது. கடற்கரையோரக் கட்டிடங்களுக்கு, இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினமும் சேர்ந்த 316 வகையைப் பரிந்துரைப்பதும் இதனால்தான்.

பாத்திரக் கடைக்குக் காந்தத்தோடு போகிறவர்கள் உண்டு. ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் அசல் என்பது அவர்கள் கணக்கு. இந்த நம்பிக்கை பாதி உண்மையில் பிறந்து முழுத் தவறில் முடிகிறது. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்ட 304 வகையில் நிக்கல் அணு அடுக்கின் அமைப்பையே மாற்றிவிடுவதால் காந்தம் ஒட்டாது. நிக்கல் இல்லாமல் 16 முதல் 18 சதவீதம் குரோமியம் கொண்ட 430 வகையில் காந்தம் நன்றாக ஒட்டும். அதுவும் துருப்பிடிக்காத எஃகுதான். ஒரு ரூபாய் நாணயத்தைக் காந்தத்தில் வைத்துப் பார்க்கலாம். அது இந்தக் குடும்பம். சேலம் உருக்காலையில் நாணய வில்லைகளும் வெட்டப்படுகின்றன. இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் சூடாக வேண்டுமென்றால் அடியில் காந்தம் ஒட்டத்தான் வேண்டும். இதற்கு நடுவே 200 வரிசை என்று ஒன்று இருக்கிறது. விலை கூடிய நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்தது. காந்தம் ஒட்டாது, ஆனால் உப்பும் ஈரமும் தொடர்ந்து பட்டால் 304-ஐவிடச் சீக்கிரம் புள்ளி விழும். ஆக, காந்தத்தை நம்புகிறவர் நல்ல 430-ஐ ஒதுக்கிவிட்டு, 304 என்று நினைத்து 200 வரிசையைத் தூக்கிக்கொண்டு வரக்கூடும். கேட்டிருக்க வேண்டியது வகை எண்ணை.

இந்த இடத்தில் மறுப்புகளை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். முதல் மறுப்பு மின்சாரத்திலிருந்து வரும்: கலப்பு அவ்வளவு உயர்ந்தது என்றால் ஒயருக்கு ஏன் 99.9 சதவீதத் தூய செம்பு? உண்மைதான். மடிப்பைத் தடுக்கும் அதே வேற்று அணு, ஓடும் எலக்ட்ரானையும் தடுக்கிறது. 0.04 சதவீதம் பாஸ்பரஸ் கலந்தாலே செம்பின் கடத்துத்திறனில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். ஆனால் ஏசி எந்திரத்தின் செம்புக் குழாயில் அந்தப் பாஸ்பரசை வேண்டுமென்றே விடுகிறார்கள். சூடுவைத்துப் பற்றவைக்கும்போது குழாய் கெடாமல் காப்பது அதுவே. அயர்ன் பாக்ஸிலும் ஹீட்டரிலும் இருக்கும் நிக்ரோம் கம்பி, 80 பங்கு நிக்கலும் 20 பங்கு குரோமியமும் சேர்ந்து, செம்பைப் போல அறுபது மடங்குக்கு மேல் மின்சாரத்தை மறிக்கிறது. அந்த மறிப்புதான் நமக்குச் சூடு. ஊர் ஊராகச் செல்லும் மின்தடக் கம்பிகளில் நடுவே எஃகு இழையும் சுற்றி அலுமினிய இழைகளும் முறுக்கியிருக்கும். ஒன்று பாரம் தாங்க, மற்றது மின்சாரம் கடத்த. ஆக, ஒயரின் தூய்மையும் ஒரு தேர்வுதான். அந்த வேலைக்கு அந்த அளவு என்பதால் அது தூய்மையாக இருக்கிறதே தவிர, தூய்மை உயர்ந்தது என்பதால் அல்ல.

இரண்டாவது மறுப்பு கனமானது. கலப்பைப் புகழ்வது, கலப்படக்காரருக்கு வக்காலத்து வாங்குவதாகிவிடாதா? ஈயம் என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக்கூடாது. காரீயம் முற்றிலும் வேறு உலோகம், நரம்பையும் குழந்தைகளின் மூளையையும் கெடுக்கும் நஞ்சு. உடலில் அது எவ்வளவு குறைவாக இருந்தாலும் பாதிப்பில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. இரண்டையும் ஈயம் என்ற ஒரே பேரால் அழைக்கிறோம். போதாதென்று அலுமினியத்தையே ஈயப் பாத்திரம் என்று சொல்லும் ஊர்களும் உண்டு. காரீயம் மலிவு, வெள்ளீயத்தோடு இழைந்து கலக்கும், கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. புளி கொதிக்கும் சொம்பில் அது இருந்தால் ரசத்தில் கரைந்து இறங்கும். பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறாமல் இருக்கப் பூசும் ஈயத்துக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். ஆனால் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்தால், இரண்டும் தனித்தனியே உருகும் வெப்பத்தைவிடக் குறைவாக, 183 டிகிரியில் உருகும். ரேடியோ, டிவி பழுதுபார்ப்பவர்கள் பல தலைமுறை பயன்படுத்திய சால்டர் அது. திருமேனியில் விரலைச் செதுக்கிய காரீயமும் ரசத்தில் நஞ்சாகும் காரீயமும் ஒன்றே. குற்றம் சேர்ந்ததில் இல்லை. எதற்கு என்று பாராமல், சொல்லாமல் சேர்த்ததில் இருக்கிறது. அளந்து, அறிவித்து, வேலைக்கு ஏற்பச் சேர்த்தால் உலோகக் கலவை. மறைத்துச் சேர்த்தால் கலப்படம். எனவே ‘சுத்தமா?’ என்ற கேள்வி ஏமாற்றுபவருக்குச் சாதகமானது. ஆமாம் என்ற ஒரு சொல்லில் அவர் தப்பித்துவிடுவார். எத்தனை பங்கு என்று கேட்டால் எண்ணைச் சொல்லியாக வேண்டும், எண்ணைச் சோதித்துப் பார்க்க முடியும்.

கே.டி.எம். நகை என்ற பெயரும் இப்படிப்பட்ட ஒரு பாடம். தங்கத்தைப் பற்றவைக்கும் பொடியில் காட்மியம் சேர்த்ததால், பற்றவைத்த இடத்திலும் மாற்று குறையவில்லை என்பதே அதன் பெருமை. காட்மியம் 767 டிகிரியில் ஆவியாகும். தங்கம் உருகுவது 1,064 டிகிரியில். ஊதுகுழலின் முன் குனிந்திருந்த பொற்கொல்லர்களின் நுரையீரல் அந்த ஆவியைச் சுவாசித்தது. நகையின் மாற்றுக்காக மனித உடல் கொடுத்த விலை அது. துத்தநாகம் போன்றவற்றைச் சேர்த்த மாற்றுப் பொடிகள் வந்தது நல்லதற்கே.

கட்டிடக் கம்பியிலும் இதே கேள்வி எழுகிறது. கடைக்காரர் சொல்லும் 500 என்ற எண், ஒரு சதுர மில்லிமீட்டர் எத்தனை நியூட்டன் விசை வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. எண் கூடினால் கம்பி நல்லது என்று வீடு கட்டுபவர்கள் நினைப்பது இயல்பு. ஆனால் பூகம்பத்தில் கம்பி முறியாமல் நீண்டு கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் 500 டி என்ற வகை: விசை அதே, ஆனால் கந்தகம், பாஸ்பரஸ் வரம்பு இறுக்கமானது, முறிவதற்கு முன் குறைந்தது 16 சதவீதம் நீள வேண்டும், சாதாரண 500-க்கு 12 போதும். அந்த ஒற்றை எழுத்தைக் கேட்டு வாங்குவது வீட்டுக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

மூன்றாவது மறுப்புக்கு என்னிடம் முழு விடை இல்லை, ஏனென்றால் அது உண்மையான சிக்கல். கலப்பது சுலபம், பிரிப்பது கடினம். பழைய வண்டிகளை நசுக்கி உருக்கும்போது, மோட்டாரிலும் ஒயரிலும் இருந்த செம்பு எஃகில் கலந்துவிடுகிறது. ஆக்சிஜனை ஊதினால் கார்பன் எரியும், மாங்கனீஸ் போகும். செம்பு போகாது, அதற்கு முன்பே இரும்பு எரிந்துவிடும். அந்த எஃகைச் சூட்டில் உருட்டும்போது மேற்பரப்பில் வெடிப்பு விழுகிறது. தாதுவிலிருந்து எடுத்த புது இரும்பை ஊற்றி நீர்க்கச் செய்வதே நடைமுறையில் உள்ள வழி. ஆகவே உருக்குவதற்கு முன் தரம் பிரிப்பதுதான் ஒரே நல்ல மருந்து. பழைய இரும்புக்கடைகளில் காந்தத்தை வைத்தும், சாணைக்கல்லில் பிடித்துத் தெறிக்கும் பொறியின் நிறத்தையும் பூவையும் பார்த்தும் வகை சொல்லும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். கார்பன் கூடிய எஃகு மத்தாப்பாகச் சிதறும், எவர்சில்வர் குட்டையாக ஆரஞ்சு நிறத்தில் தெறிக்கும். நாட்டின் உலோகச் சேமிப்புக்கு அவர்கள் செய்யும் தொண்டு பெரிது. அவர்களுக்கு நாம் உதவ முடியும். 2024-இல் மத்திய அரசு எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கி ஆணை வெளியிட்டது நல்ல தொடக்கம். பாத்திரம் வாங்கியவுடன் கடையிலேயே பெயரும் தேதியும் வெட்டித் தருகிறார்கள். அந்தப் பெயருக்குப் பக்கத்தில், தயாரித்தவரே குத்திய 304 என்றோ 430 என்றோ மூன்று இலக்கம் இருந்தால், இன்று வாங்கும் குடும்பத்துக்கும், ஐம்பது வருடம் கழித்து அதை எடைக்கு வாங்கும் கடைக்காரருக்கும் உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்துவிடும்.